வீட்டு வரி ரசீதில் ஒரு வரி

நம்மூரில் வீட்டு வரி கட்டுகிற அத்தனை பேருக்கும்,



என்னை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். முப்பத்தோரு வருஷம் நம்மூர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். பாடம் நடத்தியதில்லை என்றாலும் தெருவில் பார்த்தால் "டீச்சர்" என்றுதான் கூப்பிடுகிறீர்கள். உங்கள் பிள்ளைகளில் யார் முட்டையின் மஞ்சள் கருவைத் தொடமாட்டான், யார் தன் முட்டையைத் தம்பிக்கென்று கைக்குட்டையில் மடித்து எடுத்துப் போவாள் என்பதெல்லாம் இன்றைக்கும் நினைவிருக்கிறது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

ரேஷன் கார்டு, பத்திர நகல் எல்லாம் போட்டு பீரோவில் வைத்திருக்கிற பிளாஸ்டிக் கவரை ஒரு தடவை வெளியே எடுங்கள். அதில் வீட்டு வரி ரசீது இருக்கும். கீழே இருக்கும் மொத்தத் தொகையைத்தான் நாம் எப்போதும் பார்ப்போம். அதற்கு மேலே பொடி எழுத்தில் 'நூலக வரி' என்று ஒரு வரி இருக்கிறது. சொத்து வரியில் ஒரு ரூபாய்க்குப் 10 பைசா. அதைத் தனியாகக் கட்டச் சொல்லி யாரும் நம் வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை. மற்றதோடு சேர்ந்தே போய்விடுகிறது. அதனால்தான் அது நம் பணம் என்பது மனசில் நிற்பதில்லை.

இந்தப் பத்துப் பைசாவுக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. நமக்கு வடக்கே சீர்காழியில் பிறந்து, கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனவர் எஸ்.ஆர். ரங்கநாதன். நூலகம் என்பது யாராவது ஒரு தனவந்தர் மனசு வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்று இருந்த காலம் அது. அப்படி இருக்கக்கூடாது, ஊர் மக்கள் எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நடத்துகிற இடமாக அது இருக்க வேண்டும், அதற்குச் சட்டம் வேண்டும் என்று இருபது வருஷம் அலையாய் அலைந்தார். 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் அதுதான் முதல் பொது நூலகச் சட்டம். அவர் நினைவாகத்தான் ஆகஸ்ட் 12-ஐ நூலகர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். உள்ளாட்சி வசூலிக்கிற நூலக வரி மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேர வேண்டும், அங்கிருந்து கட்டடம், அலமாரி, நாளிதழ் என்று நம் கிளை நூலகத்துக்குத் திரும்பி வரவேண்டும் என்பது அந்தச் சட்டம் போட்ட வாய்க்கால். நமக்கு வாய்க்காலைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தலைமடையில் விட்ட தண்ணீர் கடைமடைக்கு வருகிறதா என்று போய்ப் பார்க்கிறவர்கள் நாம். ஆனால் இந்த ஒரு வாய்க்காலை மட்டும் போய்ப் பார்த்ததே இல்லை.

சட்டம் வருவதற்குப் பதினேழு வருஷம் முன்னாலேயே, 1931-இல், மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் முயற்சியில் ஒரு மாட்டு வண்டி புத்தகங்களை ஏற்றிக்கொண்டு சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்குக் கிளம்பியிருக்கிறது. நெல் ஏற்றிப் போன அதே பாதையில் புத்தகம் போயிருக்கிறது. நம் பாட்டன்மார் காலத்தில் புத்தகம் நம்மைத் தேடி வந்தது. இப்போது பேருந்து நிறுத்தத்திலிருந்து எட்டி நடந்தால் போதும், நாம் போவதில்லை.

ஒரு தடவை நீங்கள் வந்தீர்கள். அதை நான் மறக்கவில்லை.

2018 நவம்பர் 16. விடியும்போது கஜா புயல் நம்மூரைத் துவைத்துப் போட்டிருந்தது. தென்னை எல்லாம் தலை முறிந்து கிடந்தன. நூலகத்தின் பின்பக்கத்து ஆஸ்பெஸ்டாஸ் தகடுகள் பறந்துபோய் இரண்டு அலமாரி முழுக்க நனைந்திருந்தது. தேசிய நூலக வாரம் நவம்பர் 14-இல் தொடங்கி 20 வரை நடக்கும். வாசலில் கட்டியிருந்த பதாகை அறுந்து முருங்கை மரத்தில் தொங்கியது. நூலகர் தம்பி நனைந்த புத்தகங்களை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத் தாழ்வாரத்துக்கும் நூலகத்துக்குமாக ஒற்றை ஆளாய் நடந்துகொண்டிருந்தார். அவர் வீட்டுக் கூரையும் போயிருந்தது.

யார் சொல்லி அனுப்பினார்களோ தெரியாது. மேலத்தெரு மகளிர் குழுப் பெண்கள் எட்டுப் பேர் கோரைப்பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்கள். பின்னாலேயே பிள்ளைகள். புத்தகத்தை வெயிலில் போட்டால் அட்டை கருவாடாகச் சுருண்டுவிடும், நிழலில் காற்றுப்படத்தான் ஆற வேண்டும் என்றார் நூலகர். ஒவ்வொரு புத்தகத்தையும் நெட்டுக்குத்தாக நிறுத்தி, பக்கங்களைக் கோழி இறக்கையாக விரித்துவிட்டோம். பத்துப் பக்கத்துக்கு ஒரு பழைய தினத்தந்தித் துண்டு. ஈரத்தை அது குடித்ததும் எடுத்துப் போட்டுவிட்டுப் புதுத் துண்டு. வழவழப்பான தாளில் அச்சடித்த குழந்தைப் புத்தகங்கள்தான் உயிரை வாங்கின. காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகிவிடும். ஈரம் இருக்கும்போதே ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். வாழைப்பட்டையில் நார் கிழிக்கிற கைகளுக்கு அது வந்தது. மின்சாரம் இல்லாததால் பிள்ளைகள் விசிறியை வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து விசிறினார்கள். ஒன்பது நாள். 600 புத்தகத்துக்கு மேல் பிழைத்தன. சில புத்தகங்களின் ஓரத்தில் இன்றைக்கும் தேநீர் சிந்தியதுபோல ஒரு பழுப்புக் கோடு இருக்கிறது. கஜா கோடு என்று நாங்கள் சொல்வோம்.

வீட்டில் ஓடு இல்லை, அடுப்பில் ஈர விறகு. அந்த நிலையில் வந்து செய்தீர்கள். தகடு மாற்றி, அலமாரிக்குச் சாயம் அடித்து, மறுபடி நூலகம் திறந்தபோது நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த எட்டுப் பேரில் ஒருவர்கூட வரவில்லை.

ஒருநாள் கடைத்தெருவில் அவர்களில் ஒருத்தியைப் பிடித்துக் கேட்டேன். "அன்னைக்கு அவ்வளவு செஞ்சியேம்மா, ஒரு நாள் வந்து ஒரு பொஸ்தகம் எடுத்துக்கிட்டுப் போவக் கூடாதா?" அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கேட்டாள்: "நாங்கல்லாம் உள்ள வரலாமா டீச்சர்?"

அந்தக் கேள்விதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்ப் பந்தி பரிமாறி, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வருவோமே, அப்படித்தான் அவர்கள் வந்திருக்கிறார்கள். அது அடுத்த வீடு இல்லை. அவள் வீட்டு ரசீதிலும் அந்த வரி இருக்கிறது. வாடகை வீட்டில் இருக்கிறவர் கொடுக்கும் வாடகைக்குள்ளும் அது இருக்கிறது.

அதற்குப் பிறகு வாசகர் வட்டத்தில் நாங்கள் உட்கார்ந்து பேசினோம். ஒன்று புரிந்தது. நூலகங்களுக்கு என்ன புத்தகம் வாங்குவது என்பது பெரும்பாலும் சென்னையில் முடிவாகிறது. வந்து சேர்ந்த புத்தகங்களில் எது வாசலில் வைக்கப்படுகிறது, யார் கண்ணில் படுகிறது என்பது நம்மூரில் முடிவாகிறது. அந்த முடிவை எடுக்கும் இடம் ஒரு மேசை.

அந்த மேசை வந்த கதையைச் சொல்ல வேண்டும். தேரடித் தெருத் தையல்காரர் கண் மங்கிக் கடையை மூடியபோது, துணி வெட்டும் மேசையை நூலகத்துக்குக் கொடுத்தார். நல்ல தேக்கு. மேலே கத்தரி கீறிய கோடுகள், ஓரத்தில் அவர் கையால் போட்ட அங்குலக் குறிகள். அதை வாசலுக்கு நேரே போட்டு முதல் காட்சி வைத்தோம். தேசத் தலைவர்கள் வாழ்க்கை வரலாறு. வெள்ளை வேட்டி விரித்து, பின்னால் படம் வைத்து மாலை போட்டு, புத்தகங்களைப் படிப்படியாக அடுக்கினோம். பார்க்க அவ்வளவு லட்சணம். வந்தவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். பதினைந்து நாள் கழித்து எண்ணினால் வைத்த நாற்பத்திரண்டும் அப்படியே இருந்தன.

"கொலு மாதிரி இருக்கு டீச்சர். கொலு பொம்மைய யாராச்சும் கையில எடுப்பாங்களா?" என்றார் நூலகர் தம்பி.

மாலையை எடுத்தார். படிகளைக் கலைத்தார். ஒவ்வொரு வரிசையிலும் நடுவில் ஒரு புத்தகத்தை உருவிவிட்டு அந்த இடத்தை வெற்றாகவே விட்டார். ஒரு புத்தகத்தை நடுப்பக்கம் விரித்து வைத்தார். அன்றைக்குச் சாயங்காலமே மூன்று புத்தகம் வெளியே போனது. யாரோ நமக்கு முன்னால் எடுத்துப் போயிருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் நமக்கு அடுத்ததை எடுக்கக் கை வருகிறது. பந்தியில் முதல் ஆளாக உட்கார நமக்கு எவ்வளவு தயக்கமோ, அதே தயக்கம்தான்.

இப்போது இருபத்தைந்து புத்தகத்துக்கு மேல் வைப்பதில்லை. பதினைந்து நாளைக்கு ஒரு தலைப்பு. படித்தவர்கள் ஒரு துண்டுச் சீட்டில் தங்கள் கையெழுத்தில் ஒரு வரி எழுதி அந்தப் புத்தகத்தோடு செருகி வைக்கலாம். பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுதியிருந்தாள்: "இதைப் படித்துவிட்டு அப்பாவிடம் இரண்டு நாள் பேசவில்லை. பிறகு அவரையும் படிக்க வைத்தேன்." அந்தப் புத்தகம் இரண்டு மாதம் அலமாரிக்கே திரும்பவில்லை. ஒரு கை மாறி இன்னொரு கை.

ஒருமுறை, முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டில் கடைசி முத்திரை விழுந்து இருபது வருஷத்துக்கு மேலான புத்தகங்களாகத் தேடி எடுத்து வைத்தோம். அதில் தேனீ வளர்ப்பைப் பற்றிய மெலிந்த புத்தகம் ஒன்று. கடைசி முத்திரை 1994. கட்டட வேலைக்குப் போகிற ஒருவர் அதை எடுத்துப் போனார். அவர் வீட்டுக் கொல்லையில் இப்போது மூன்று பெட்டி இருக்கிறது.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது நெல் காட்சிதான். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2006 முதல் நடத்திய நெல் திருவிழாவுக்கு நம்மூரிலிருந்து போய் வந்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். கஜா அடித்து மூன்று வாரத்தில், 2018 டிசம்பரில், அவர் காலமானார். பல வீடுகளில் அப்போது மின்சாரம்கூடத் திரும்பியிருக்கவில்லை. அவரை நினைத்து அழக்கூட நமக்கு நேரம் வாய்க்கவில்லை. அந்தத் திருவிழாவில் பாரம்பரிய விதை நெல் 2 கிலோ கொடுப்பார்கள். விதைத்து, அறுத்து, அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அப்படித்தான் அழிந்துபோக இருந்த நெல் எல்லாம் வயலுக்குத் திரும்பின. இரவல் கொடுப்பதையே தொழிலாக வைத்திருக்கிற ஒரு நூலகத்துக்கு இதைவிட நெருங்கிய சொந்தம் வேறென்ன இருக்கிறது?

ஜாம் பாட்டில்களைக் கழுவிக் காயவைத்து, உங்களில் பதினான்கு வீடுகளிலிருந்து நெல் வாங்கினோம். மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், கருப்புக் கவுனி, தூயமல்லி, சீரகச் சம்பா. ஆளுயரம் தாண்டி வளரும் காட்டுயானம். வேதாரண்யம் பக்கத்து உப்பு மண்ணிலும் தாக்குப் பிடிக்கிற குடவாழை. ஒவ்வொரு பாட்டிலின் கழுத்திலும் நூல் கட்டி, கொடுத்தவர் சொன்னதை அப்படியே எழுதித் தொங்கவிட்டோம். பாட்டிலுக்குப் பக்கத்தில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் எழுதிய புத்தகங்கள், பயிர்ப் பாதுகாப்புப் புத்தகங்கள், சமையல் புத்தகம் இரண்டு, பள்ளிப் பிள்ளைகள் வரைந்த படம்.

மூன்றாம் நாள் ஒரு பெரியவர் வந்தார். அறுபத்தெட்டு வயது. அதுவரை நூலகத்துப் படி ஏறியதில்லை. உருமாலைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, பாட்டிலை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். மடியிலிருந்து ஒரு நெற்பயிரை எடுத்தார். தூர் எல்லாம் பழுத்துக் காய்ந்திருந்தது. "இது பொகையான்தானே? மருந்து கடக்காரன் ஒண்ணு சொல்றான், மவன் ஒண்ணு சொல்றான். பொஸ்தகம் என்ன சொல்லுதுன்னு பாரு தம்பி."

நூலகர் புத்தகத்தை எடுத்துப் படம் இருக்கும் பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தார். பெரியவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். விரலை வரிக்கு அடியில் வைத்து நகர்த்தி நகர்த்தி, உதட்டை அசைத்து, அரை மணி நேரம். தண்ணீரை வடித்துவிட்டுக் காயப்போட வேண்டும், யூரியாவை அள்ளிப் போடக்கூடாது என்ற இடம் வந்ததும் விரல் நின்றது. மறுபடி முதலிலிருந்து ஒரு தடவை. பிறகு புத்தகத்தை மூடி, அட்டையைத் துண்டால் துடைத்துவிட்டு, "நாளைக்கும் இது இங்கயே இருக்குமா?" என்று கேட்டார். வீட்டுக்கே எடுத்துப் போகலாம் என்றதும் அவர் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இப்போது அவர் உறுப்பினர். வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை என்பதை மறந்து வந்து, பூட்டைப் பார்த்துக் கோபித்துக்கொண்டு போகிற அளவுக்கு உறுப்பினர்.

பெண்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். "உள்ள வரலாமா" என்று கேட்டவளை நான் விடவில்லை. ஏன் தயக்கம் என்று திரும்பத் திரும்பக் கேட்டதில் சொன்னாள்: "பேப்பர் படிக்கிற ஆம்பளைங்களுக்கு நடுவுல எங்க போயி உக்கார்றது?" நியாயமான கேள்வி. நாங்கள் யாரும் அதை அப்படி யோசித்ததே இல்லை. நாளிதழ் மேசையைத் தெருப்பக்கத்து வராந்தாவுக்கு நகர்த்தினோம். ஆண்கள் இரண்டு நாள் முணுமுணுத்தார்கள், பிறகு காற்று நன்றாக வருகிறது என்று சொல்லிக்கொண்டார்கள். உள்ளே ஜன்னலோரம் பிள்ளைகளுக்குப் பாய் விரித்தோம். புதன்கிழமை சாயங்காலம் கதை சொல்கிறோம். பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற அம்மாக்கள் முதலில் வாசலில் நின்றார்கள், பிறகு படியில் உட்கார்ந்தார்கள், இப்போது உள்ளே உட்கார்ந்து வார இதழ் புரட்டுகிறார்கள். அந்த எட்டுப் பேரில் ஐந்து பேர் வருகிறார்கள். மீதி மூன்று பேரை நான் இன்னும் விடவில்லை.

குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற பெண் பிள்ளைகள் பதினொரு பேர் இருக்கிறார்கள். காலையில் வந்தால் மத்தியானம் வரை தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். குடித்தால் போக இடம் வேண்டுமே! நூலகத்தில் கழிப்பறை கிடையாது. மனு கொடுத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. நான் ஒருத்தி கொடுத்தால் அது ஒரு காகிதம். நீங்கள் நூறு பேர் உங்கள் வரி ரசீதின் நகலை இணைத்துக் கையெழுத்துப் போட்டால் அதை யாரும் கோப்புக்குள் வைத்துக் கட்டிவிட முடியாது. மனு நூலகர் மேசையில் இல்லை. அவர் அரசு ஊழியர், அவரைச் சங்கடப்படுத்தக் கூடாது. என் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. பேனாவும் இருக்கிறது.

இன்னொன்றையும் மூடி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம்மூரில் எந்தத் தெருக்காரர் எந்த இடத்தில் உட்கார்வது என்பதற்கு இன்றைக்கும் எழுதாத கணக்கு ஒன்று இருக்கிறது. எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டோம். முப்பத்தோரு வருஷம் ஒரே வரிசையில் தட்டு போட வைத்தவள் நான். முதல் சில வருஷம் அதற்கு என்ன பாடுபட்டேன் என்பது எனக்குத் தெரியும். நூலகத்து நீள பெஞ்சில் அந்தக் கணக்கு இல்லை. பக்கத்தில் இருக்கிறவர் படித்து முடித்த பக்கத்துக்காகக் காத்திருந்து வாங்கிப் படிக்கிறோம். இது அப்படியே இருக்க வேண்டுமானால் எல்லாத் தெருவிலிருந்தும் ஆள் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

நடக்க முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. அரசின் 'நூலக நண்பர்கள்' திட்டத்தில் தன்னார்வலர்கள் புத்தகத்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பிறகு போய் வாங்கி வரலாம். நம்மூரில் இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் இதைச் செய்கிறார்கள். அக்ரகாரத்துக் கோடி வீட்டில் எண்பத்து மூன்று வயது அம்மா ஒருவர் இருக்கிறார். இடுப்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார். என்ன புத்தகம் வேண்டும் பாட்டி என்று கேட்டதற்கு, "பெரிய எழுத்துப் புஸ்தகம் இருக்கா?" என்றாராம். பிள்ளைகளுக்குப் புரியவில்லை. பெரிய எழுத்து நல்லதங்காள், பெரிய எழுத்து அல்லி அரசாணி மாலை என்று திருவிழாக் கடைகளில் விற்பார்களே, அதைத்தான் கேட்டிருக்கிறார். அலமாரியின் அடித்தட்டில் ஒன்று இருந்தது. ஓரத்தில் கஜா கோடு. உங்களில் யாரோ பிரித்துக் காயவைத்த புத்தகம்தான். அந்த அம்மா அதை வாய்விட்டுப் படிக்கிறார், பக்கத்து வீட்டு மருமகள் வேலை முடிந்து வந்து கேட்கிறாள். இப்படிப் படுக்கையில் இருப்பவர்கள் உங்கள் தெருவில் இருந்தால் சொல்லுங்கள். மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கக்கூடிய பிள்ளைகள் இருந்தாலும் சொல்லுங்கள். இரண்டு பேருக்கு இது தாங்காது.

வீட்டு விசேஷத்துக்கு நாம் வைக்கிற பதாகை மூன்றாம் நாள் மாட்டுத் தொழுவத்துக்குக் கூரையாகப் போகிறது. அதற்குப் பதிலாக 1,000 ரூபாய் கட்டினால் நூலகப் புரவலர் ஆகலாம். காதுகுத்துக்கோ பிறந்தநாளுக்கோ பிள்ளை பெயரில் கட்டுங்கள்.

போட்டித் தேர்வுப் புத்தகங்களில் பிளேடு போட்டுப் பக்கத்தை வெட்டுகிற தம்பிகளுக்கு: எல்லோர் கையிலும் கைப்பேசி இருக்கிறது, படம் எடுத்துக்கொள்ளலாம். நூலகரே அனுமதிக்கிறார். நீ வெட்டிய பக்கத்தைத் தேடி அடுத்த நாள் வந்த பெண் எங்கள் முன்னால் அழுதாள். அவளும் உன்னைப்போலத்தான், மூன்றாவது முறை எழுதுகிறாள்.

இனி, இந்தக் கடிதத்தின் முக்கியமான வேலை.

அடுத்த காட்சி நம்மூர்க் குளங்களைப் பற்றி. என் சிறுவயதில் ஒன்பது குளம் எண்ணியிருக்கிறேன். இப்போது தண்ணீர் நிற்பது நான்கில். மற்றவை எங்கே இருந்தன என்று சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நீர்நிலைகள், தூர்வாருதல், மீன் வளர்ப்பு பற்றிய புத்தகங்கள் நூலகத்தில் இருக்கின்றன. நம்மூர்க் குளத்தைப் பற்றி ஒரு புத்தகமும் இல்லை, சென்னையிலிருந்து யாரும் எழுதி அனுப்பவும் மாட்டார்கள். அதற்கான பக்கங்கள் உங்கள் வீட்டில்தான் இருக்கின்றன. பழைய பத்திரத்தில் 'கிழக்கே குளம்' என்று எல்லை எழுதியிருந்தால் அந்த இடத்தை மட்டும் நகல் எடுத்துத் தாருங்கள். தெப்பத் திருவிழாப் படம், குளக்கரையில் எடுத்த கல்யாணப் படம், குளத்தில் மாடு குளிப்பாட்டும் படம், எதுவானாலும் சரி. படம் இல்லாதவர்கள் வந்து சொல்லுங்கள், பள்ளிப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்வார்கள். எந்தக் குளத்தில் குடிதண்ணீர் எடுத்தோம், எதில் யாரை இறங்கவிடவில்லை என்பதையும் சொல்லுங்கள். அதையும் எழுதி வைப்போம்.

படங்களை ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டு வாருங்கள். அங்கேயே நகல் எடுத்துவிட்டு அப்போதே உங்கள் கையில் திருப்பித் தந்துவிடுவோம், யாருடைய படமும் ஒரு இரவுகூட வெளியே தங்காது. பின்பக்கத்தில் பெயரையும் வருஷத்தையும் எழுதும்போது பென்சிலால் லேசாக எழுதுங்கள். பேனா வேண்டாம், மை முகத்துப் பக்கம் ஊறிவிடும். ஆல்பத்தில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காதீர்கள், ஆல்பத்தோடே எடுத்து வாருங்கள். பிரித்துத்தர எங்களிடம் ஐந்து பேர் இருக்கிறார்கள், ஒன்பது நாள் செய்து பழகிய கைகள்.

அன்புடன்,
உங்கள் சத்துணவு டீச்சர்,
நம்மூர்க் கிளை நூலக வாசகர் வட்டம்